லூர்தம்மாளின் வாயில் இருந்த எட்டு

ஸ்ரீபெரும்புதூர் பஸ் நிலையத்துக்குப் பின்னால் தானியம் விற்கும் பெண்களின் வரிசையில், லூர்தம்மாளைப் பார்ப்பதற்கு முன்னால் அவள் குரல்தான் காதில் விழும். கம்பும் கேழ்வரகும் சோளமும் சாக்கின்மேல் குவிந்திருக்கும். படியை உள்ளே விட்டு அள்ளி, கையால் தலை தட்டி, வாங்குகிறவர் பையில் கொட்டும்போது "லாபம்" என்பாள். ஒன்று என்று சொல்ல மாட்டாள். அந்த வரிசையில் யாருமே சொல்ல மாட்டார்கள். முதல் படி லாபம், அப்புறம்தான் ரெண்டு, மூணு.

சொன்னதோடு விடுவதும் இல்லை. அடுத்த படியை அள்ளும் வரைக்கும் வாய் அந்த எண்ணையே பிடித்துக்கொண்டிருக்கும். "மூணே... மூணே... மூணே..." நடுவில் யாராவது விலை கேட்டாலும் சரி, மாடு வந்து சாக்கில் வாய் வைத்தாலும் சரி, மாட்டை விரட்டிக்கொண்டே "மூணே மூணே" என்பாள். கடைசிப் படி விழுந்த பிறகும் நிறுத்த மாட்டாள். வாங்குகிறவர் "சரி" என்று சொல்ல வேண்டும். அந்தச் "சரி" வந்தால்தான் அளவு முடிந்தது, வாய் மூடும்.

தொண்ணூற்றொன்றாம் வருஷம் பொங்கல் முடிந்த கையோடு அந்த வரிசைக்கு இனியவன் வந்தார். முப்பது வயதுகூட இருக்காது. கண்ணாடி, ஜோல்னாப் பை, கையில் துணிப்பை. கம்பும் பட்டாணியும் கேட்டார்.

"புறாவுக்கும்மா."

"புறா வளக்கறியா சார்? கறிக்கா?"

"அய்யய்யோ, இல்லம்மா. அதுங்களுக்குக் கணக்கு வருதான்னு பாக்கறேன். அதுதான் என் படிப்பு."

"கணக்கா? எம் புருஷனுக்கே வராது சார்."

வரிசையே சிரித்தது. இனியவனும் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்புதான் லூர்தம்மாளுக்குப் பிடித்துப்போனது. கேலி செய்தால் முறைத்துக்கொண்டு போகாத ஒரு படித்த ஆளை அவள் அன்றைக்குத்தான் பார்த்தாள்.

மெட்ராஸில் ஒரு கல்லூரியில் அவர் டாக்டர் பட்டத்துக்காக ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். கல்லூரிக்குள் புறா வளர்க்க இடம் தரவில்லை. வல்லம் போகிற வழியில், வயல்களுக்கு நடுவே, மூடிப்போன ஒரு கோழிப்பண்ணையின் ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகையை வாடகைக்குப் பிடித்திருந்தார். வாரத்தில் இரண்டு நாள்தான் அவரால் வர முடியும். மற்ற நாளெல்லாம் புறாக்களைப் பார்த்துக்கொள்ளவும், சொல்லிக்கொடுத்தபடி சோதனை நடத்தவும் நம்பிக்கையான ஆள் வேண்டும். லூர்தம்மாளின் வீடு வல்லத்தில்தான் இருந்தது.

"எங்க புரொபசர் ஒரு தடவ வந்து வேலையப் பாத்துட்டார்னா, இந்தக் கொட்டகைக்கு ஒரு அட்டெண்டர் போஸ்ட் போட்டுருவாங்கம்மா. பர்மனென்ட். அது உங்களுக்குத்தான்."

பர்மனென்ட்! வெயிலிலும் மழையிலும் சாக்கின்மேல் குந்தியிருந்தவளுக்கு அந்த வார்த்தை என்ன செய்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஆனால் அந்த வரிசைக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தி நான்கு நாள் தொடர்ந்து வராவிட்டால் பக்கத்தில் இருப்பவள் சாக்கை நகர்த்திப் போட்டுக்கொள்வாள். அப்புறம் கேட்க முடியாது. லூர்தம்மாளின் இடம் டீக்கடைக்கு எதிரே, பஸ் இறங்கினால் முதல் இடம். அதை அவள் விட்டுக்கொடுத்துவிட்டுத்தான் போனாள். பக்கத்து இடத்துக் கோவிந்தம்மாவிடம் கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள்.

"நீயே போட்டுக்க கோவிந்து. நான் உத்தியோகத்துக்குப் போறேன்."

"போடி போ. சம்பளம் வாங்கினா எங்கள மறந்துடாத."

அவள் புருஷன் கோதண்டம் ரைஸ் மில்லில் மூட்டை தூக்குகிறவன். கேட்டதும் அவனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இன்னாமே, புறாவுக்கு டீச்சரா பூட்டியா? பிரம்பு வாங்கியாரட்டுமா?"

சோதனை இப்படித்தான். பிளைவுட்டில் ஒரு பெட்டி. பெட்டிக்குள் புறா. முன்பக்கம் சின்னக் கண்ணாடி ஜன்னல். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் லூர்தம்மாள் உட்கார்ந்து, தகரத் தட்டில் பட்டாணியை ஒவ்வொன்றாகப் போடுவாள். சில தடவை ரெண்டு, சில தடவை எட்டு. புறா பார்த்துக்கொண்டிருக்கும். பிறகு ஜன்னலைப் பலகையால் மூடிவிட வேண்டும். பலகைக்குக் கீழே ஒரு மறைப்பு, அதைத் திறந்தால் இரண்டு மூடிகள், ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை. கொஞ்சம் விழுந்திருந்தால் சிவப்பைக் கொத்த வேண்டும், நிறைய விழுந்திருந்தால் பச்சையை. சரியாகக் கொத்தினால் மூடிக்குப் பின்னால் தீனி. தப்பாகக் கொத்தினால் ஒன்றும் இல்லை.

அவள் மனசை முதலில் அறுத்தது இந்த எண்ணிக்கை விவகாரம் இல்லை, பசி. புறாக்களை எப்போதும் அரை வயிற்றில்தான் வைக்க வேண்டும் என்றார் இனியவன். தினமும் தராசில் நிறுத்து, எடை கூடினால் தீனியைக் குறைக்க வேண்டும்.

"வயிறு ரொம்பிட்டா கொத்தாதும்மா. பசிச்சாத்தான் யோசிக்கும்."

"எங்க ஊர்ல பசிச்சவன்லாம் யோசிச்சுக்கினுதான் கீறான் சார். இன்னா வந்துது?"

சொன்னாளே தவிர, ஒரு மணி கம்பு கூடுதலாகப் போட்டதில்லை. போட்டால் சோதனை கெடும், சோதனை கெட்டால் புரொபசர் வந்து என்னத்தைப் பார்ப்பார்? கழுத்தில் பச்சை மினுக்கும் ஒரு சாம்பல் புறா மட்டும் அவள் சேலைத் தலைப்பையே கொத்திக்கொண்டு நிற்கும். அதற்குக் 'கணக்கு' என்று பேர் வைத்தாள். இனியவனுக்கு அது மூன்றாம் நம்பர்.

மாசி முடிவதற்குள் புறாக்கள் தேறிவிட்டன. ரெண்டுக்குச் சிவப்பு, எட்டுக்குப் பச்சை. அதன் பிறகுதான் இனியவனின் உண்மையான கேள்வி வந்தது. தட்டைக் காட்டிவிட்டு உடனே மறைப்பைத் திறக்காமல், கொஞ்ச நேரம் காக்க வைத்துத் திறந்தால்? பார்த்தது எவ்வளவு என்று ஞாபகம் இருக்குமா?

"வெளிநாட்டுல பண்ணிப் பாத்துருக்காங்கம்மா. கொஞ்சமா பாத்தது அப்படியே கொஞ்சமாத்தான் இருக்கும். ஆனா நிறைய பாத்துச்சுன்னா, நேரம் ஆக ஆக அது மனசுல சுருங்கிடுது. எட்டப் பாத்த புறாவும் கடைசியில போய்ச் சிவப்பத்தான் கொத்துது."

"நெறய குட்த்தது கொஞ்சமா பூடுமா?"

"ஆமா. மறதின்னா ஒரேயடியா அழிஞ்சுபோறது இல்ல. பெருசு சின்னதாயிடுது. அதான் விசேஷம்."

அவர் ஒரு ஸ்டாப்வாட்ச் கொடுத்தார். லூர்தம்மாள் பட்டாணியைப் போட்டாள், பலகையை மூடினாள், காத்திருந்தாள், திறந்தாள். அதிசயம்! அவளுடைய புறாக்கள் மறக்கவே இல்லை. எவ்வளவு நேரம் காக்க வைத்தாலும் எட்டைப் பார்த்த புறா நேரே போய்ப் பச்சையைத்தான் கொத்தியது. இனியவன் வரும் நாட்களில் அவரும் கொட்டகையின் அந்தக் கோடியில் உட்கார்ந்து பார்த்தார். அதே முடிவுதான். அவருக்குத் தலைகால் புரியவில்லை. டீ வாங்கிக்கொண்டு ஓடி வந்தார். "உலகத்துல யாருக்கும் வராத ரிசல்ட்டும்மா இது! நம்ம புறா மறக்கல!"

நம்ம புறா என்றாரே, அதைக் கேட்டு அவள் அன்றைக்கு முழுக்கத் தரையில் நடக்கவில்லை.

மே மாதம் வந்தது. ஸ்ரீபெரும்புதூரில் தேர்தல் கூட்டத்தில் குண்டு வெடித்து நாடே அதிர்ந்தது. கடை இல்லை, பஸ் இல்லை, ரோடெல்லாம் போலீஸ். மெட்ராஸிலிருந்து இனியவனால் வர முடியவில்லை. கொட்டகையில் தீனி தீர்ந்துவிட்டது. லூர்தம்மாள் வீட்டில் சோற்றுக்கு வைத்திருந்த கேழ்வரகை மடியில் கட்டிக்கொண்டு வரப்பு வழியே நடந்தாள். ரோட்டைக் கடக்கிற இடத்தில் ஒரு போலீஸ்காரர் மறித்தார்.

"ஏய், எங்க போறே? மடியில இன்னா?"

"கேவுரு சார். புறாவுக்கு."

"ஊரு கெடக்கற கெடையில புறாவா?"

"பரீட்ச வெக்கணும் சார்."

போலீஸ்காரர் அவளை மேலும் கீழும் பார்த்தார். பைத்தியம் என்று முடிவு கட்டியிருப்பார். மடியை அவிழ்த்துக் கொட்டச் சொல்லி, கேழ்வரகைக் காலால் கிளறிப் பார்த்துவிட்டு, அள்ளிக்கொண்டு போகச் சொன்னார். மண்ணோடு அள்ளினாள். கொட்டகையில் உட்கார்ந்து முறத்தில் புடைத்துப் போட்டாள். ஊர் முடங்கிக் கிடந்த அத்தனை நாளும் போனாள். வீட்டில் கோதண்டம் கஞ்சித் தண்ணியைக் குடித்துவிட்டு, "புறாவுக்குப் பொறந்தவளே" என்று திட்டிக்கொண்டே படுத்தான்.

பஸ் ஓடத் தொடங்கியதும் இனியவன் ஓடி வந்தார். எல்லாப் புறாவும் செத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு வந்தவர், அவை குனுகிக்கொண்டிருப்பதைப் பார்த்து வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். கண் கலங்கியிருந்தது.

"லூர்தம்மா, இத நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டேன். உங்க போஸ்ட் என் பொறுப்பு."

உண்மையாகத்தான் சொன்னார். அதில் சந்தேகமே வேண்டாம்.

ஆடி மாதம் புரொபசர் சுப்பராயன் வந்தார். வெள்ளைச் சட்டை, காரில் வந்த மனிதர். லூர்தம்மாள் அன்றைக்குத் தலைக்குக் குளித்து, ஈஸ்டருக்குக் கட்டிய சேலையைக் கட்டியிருந்தாள். இனியவன் கொட்டகைக் கோடியில் நாற்காலி போட்டு வைத்திருந்தார். புரொபசர் அதை அவரே தூக்கிக்கொண்டு வந்து லூர்தம்மாளின் முழங்கைக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"நடக்கட்டும்மா. நான் இருக்கறதாவே நெனைக்காதீங்க."

நினைக்காமல் எப்படி? அவ்வளவு பெரிய மனிதர் பக்கத்தில் இருக்கும்போது வாயை அசைக்கலாமா? அவள் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள். பெட்டிக்குள் கணக்கு இருந்தது. எட்டுப் பட்டாணி போட்டாள். மூடினாள். காத்திருந்தாள். திறந்தாள். கணக்கு தலையை இப்படியும் அப்படியும் திருப்பியது. போய்ச் சிவப்பைக் கொத்தியது.

மறுபடியும் எட்டு. மறுபடியும் சிவப்பு. அடுத்த புறாவைக் கொண்டுவந்தார்கள். ரெண்டுக்குச் சிவப்பு, எட்டுக்கும் சிவப்பு. இனியவனின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. புரொபசர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"இனியவன், வெளிநாட்டு ரிசல்ட்தான் வருது. நீ எழுதிக் குடுத்தது வேறயா இருந்துதே?"

லூர்தம்மாள் தட்டில் கிடந்த எட்டுப் பட்டாணியைப் பார்த்தாள். போஸ்ட் போகிறது. கண்ணெதிரே, அந்தச் சிவப்பு மூடிக்குள் போகிறது. தான் எதையோ வழக்கம்போலச் செய்யவில்லை என்று அவளுக்குத் தோன்றியது. என்ன என்றும் உடனே தெரிந்துவிட்டது. கணக்கைத் திரும்பக் கொண்டுவரச் சொன்னாள்.

"இரு சார். பெரியவங்க கீறீங்களேன்னு வாய மூடிக்கினு இர்ந்துட்டேன். இப்போ பாரு."

பட்டாணியைப் போட்டாள். "லாபம்... ரெண்டு... மூணு..." எட்டில் நிறுத்திப் பலகையை மூடினாள். காத்திருந்த நேரம் முழுக்க, தானிய வரிசையில் அளக்கிற அதே ராகத்தில், வாய்க்குள்ளேயே முணுமுணுப்பாக, "எட்டே... எட்டே... எட்டே..." என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். திறந்தாள்.

கணக்கு நேரே போய்ப் பச்சையைக் கொத்தியது.

"பாத்தியா சார்!" என்று அவள் புரொபசரைப் பார்த்துச் சிரித்தாள். முகமெல்லாம் சிரிப்பு. அந்தச் சிரிப்பை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

புரொபசர் அவள் வாயையும் பச்சை மூடியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். "பிரமாதம்! இனியவன், ஞாபகம் வெச்சிருக்கறது புறா இல்லப்பா. இந்தம்மா. உன் புறா எதையும் எண்ணவும் இல்ல, நெனைக்கவும் இல்ல. இவங்க வாயக் கேட்டுட்டுக் கொத்துது."

இனியவன் லூர்தம்மாளைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. யாரோ ஒருத்தியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"இத்தன மாசமா இதச் சொல்லிக்கிட்டா இருந்தீங்க?"

"ஆமா சார். எந்த மூடிக்குத் தீனி வெக்கறதுன்னு மறந்துடக் கூடாதே."

"உதடு அசையறதப் பாத்தேன். நீங்க ஜெபம் பண்றீங்கன்னு நெனச்சேன். அடுத்தவங்க நம்பிக்கையில தலையிடக் கூடாதுன்னு பேசாம இருந்தேன்."

"ஜெபத்துல எட்டே எட்டேன்னு வருமா சார்? அளக்கறவ வாய் எங்கியாவது சும்மா இர்க்குமா? பஜார்ல எங்கிட்டயேதான் கம்பு வாங்கினே, கேட்டதில்ல?"

அவர் கேட்டிருக்கிறார்தான். எத்தனை தடவை அந்த ராகத்துக்கு "சரி" சொல்லியிருக்கிறார்! ஆனால் பஜாரில் கேட்டது பஜாரோடு போயிற்று. கொட்டகைக்குள் அவருக்குப் புறா மட்டும்தான் கேட்டது.

கார் கிளம்பியதும் இனியவன் சொன்னார். "நாளைலேர்ந்து வர வேணாம்மா. எல்லாத்தையும் மொதல்லேர்ந்து பண்ணணும். புறாவுக்கு உங்க சத்தமே கேக்கக் கூடாது. நான் சொல்லி அனுப்பறேன்."

"போஸ்ட்டு?"

"சொல்லி அனுப்பறேம்மா."

அவள் கணக்கின் கூண்டுப் பக்கம் போனாள். "அதத் தொடாதீங்க" என்றார். தொடாமல் வந்துவிட்டாள்.

ஆவணி போயிற்று, புரட்டாசி போயிற்று. யாரும் சொல்லி அனுப்பவில்லை. கோதண்டம் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே, "இன்னாமே, டீச்சர் உத்தியோகத்துக்கு லீவா?" என்று கேட்டான். அவள் சோற்றுப் பானையை அவன் முன்னால் நகர்த்தி வைத்துவிட்டு எழுந்து போனாள். அதற்கப்புறம் அவனும் கேட்கவில்லை.

பழைய சாக்கை உதறி எடுத்துக்கொண்டு பஜாருக்குப் போனாள். டீக்கடைக்கு எதிரே கோவிந்தம்மாவின் சாக்கு இரண்டு இடத்துக்கும் சேர்த்து விரிந்திருந்தது.

"வாடி உத்தியோகக்காரி! இன்னா, சோளம் வாங்க வந்தியா?"

"குந்த வந்தேன்."

கோவிந்தம்மாவின் முகம் மாறியது. சாக்கை இழுத்துக் கொஞ்சம் சுருட்டினாள். பிறகு கை நின்றுவிட்டது. "நீதானே போட்டுக்கன்னே? எம் மருமவளும் இங்கதான் குந்திக்கினு கீறா. நான் இன்னாடி பண்ணட்டும்? அந்தக் கோடில எடம் கீது, பாரு."

அந்தக் கோடி என்பது கழிப்பறைச் சுவர். பஸ் இறங்குகிற யாரும் அதுவரை நடந்து வந்து கம்பு வாங்க மாட்டார்கள். மூக்கைப் பொத்திக்கொண்டு வருகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டே போய்விடுவார்கள். லூர்தம்மாள் அங்கே சாக்கை விரித்தாள்.

மார்கழியில் ஒருநாள் காலை இனியவன் வந்தார். கூட, இனிமேல் அந்தப் புறாக்களைப் பார்த்துக்கொள்ளப்போகிற ஒரு புது மாணவன். முன்வரிசையில் கம்பு தீர்ந்திருந்தது, அதனால்தான் அந்தக் கோடிவரை வந்தார்கள். அவளைப் பார்த்ததும் இனியவன் ஒரு கணம் தயங்கினார். பிறகு சிரித்தார்.

"நல்லா இருக்கீங்களாம்மா? எட்டுப் படி கம்பு குடுங்க."

"கணக்கு எப்டி கீது சார்?"

"கணக்கா? ஓ, நம்பர் த்ரீ! நல்லா இருக்கு. இப்ப ஒழுங்கா மறக்குது." மாணவன் சிரித்தான். "தீசிஸ் முடிஞ்சிருச்சும்மா. மெஷின் வெச்சுப் பண்ணோம். வெளிநாட்டுல வந்த மாதிரியே சுத்தமா வந்துருச்சு."

அவள் அளக்கத் தொடங்கினாள். மாணவன் தாழ்ந்த குரலில் கேட்டான். "இவங்களத் தெரியுமா சார்?"

"ம். நம்ம ஷெட்ல கொஞ்ச நாள் ஒத்தாசையா இருந்தாங்க."

கொஞ்ச நாள். பொங்கலிலிருந்து ஆடிவரை. மண்ணோடு அள்ளிய கேழ்வரகு. வாசலில் உட்கார்ந்து அவர் கலங்கிய கண். அவர் பொய் சொல்லவில்லை, அவளை அவமானப்படுத்த நினைக்கவும் இல்லை. அவர் மனசில் அது அவ்வளவாகத்தான் சுருங்கிப் போயிருந்தது. அதுதான் தாங்க முடியவில்லை!

லூர்தம்மாளின் வாய் நின்றுவிட்டது. கை மட்டும் அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தது. கொஞ்சம் கழித்து இனியவன் பைக்குள் எட்டிப் பார்த்தார்.

"எத்தனம்மா ஆச்சு? நாலா?"

அவள் பையைப் பிடுங்கினாள். உள்ளே இருந்த கம்பு முழுவதையும் தன் குவியல்மேல் கவிழ்த்தாள்.

"கணக்கு தப்பிப்போச்சு சார். மொதல்லேர்ந்து அளக்கறேன்."

"லாபம்" என்றாள். அந்தக் கோடியிலிருந்து டீக்கடைவரை கேட்டது. கோவிந்தம்மா திரும்பிப் பார்த்தாள். "லாபமே... லாபமே... ரெண்டு... ரெண்டே... ரெண்டே..." படி நிறைய அள்ளி, தலை தட்டி, பையில் இறக்கினாள். இனியவன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். எட்டாவது படி விழுந்தது. "எட்டே... எட்டே... எட்டே..." என்று அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

அவர் ரூபாயைச் சாக்கின்மேல் வைத்தார். பையை மாணவனிடம் கொடுத்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் வல்லம் போகிற பஸ் ஹாரன் அடித்தது. இரண்டு பேரும் ஓடினார்கள்.

"சரி" என்று யாரும் சொல்லவில்லை. பஸ் திரும்பி மறைந்த பிறகும், கழிப்பறைச் சுவர் ஓரத்தில், அளக்க யாரும் இல்லாத படியை மடியில் வைத்துக்கொண்டு அவள் எட்டே எட்டே என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.